மூன்றாம் கவுன்டரில் ஒரு புகார்

கலங்கல் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கண்ணாடிக்கு முன்னால் டம்மென்று வைத்து, "இதைக் குடிம்மா. நீ குடிச்சுக் காட்டு, நான் போயிடறேன்" என்றார் அந்த ஆள். குடிநீர் அலுவலகத்தின் மூன்றாம் கவுன்டரில் இருந்தவள் முகம் சுளிக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "குடிக்கிற மாதிரி இல்லைங்க" என்றாள். எந்தத் தெரு, எத்தனை நாளாக, பக்கத்து வீட்டிலும் இப்படித்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கியது. கடைசியில், "உங்களைச் சொல்லி என்ன பண்றதும்மா" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டுக் குழாய் சரியாகுமா என்பது வேறு விஷயம்.

கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் பச்சைத் தண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் அலுவலகத்தில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அவர்களுக்குப் பெருமை வேறு. எப்பேர்ப்பட்ட கொதிப்போடு வந்தாலும் அவளிடம் வந்தால் ஆறிவிடும். முதலில் தன் குரலைத் தணித்துக்கொள்வாள். அடுத்து, அவர்கள் சொன்னதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்வாள். பிறகு, "நீங்க சொல்றது புரியுது, என்ன செய்யலாம்னு பாக்கறேன்" என்பாள். அந்த வாக்கியத்தில் ஒரு வாக்குறுதியும் கிடையாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் கவுன்டர்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பயிற்சியாளர் வந்தார். வேலைக்கும் வீட்டுக்கும் சேர்த்தே உதவுகிற உங்கள் சொந்தக் கையிருப்பு என்ன என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். ஒருவர் தன்னம்பிக்கை என்றார். ஒருத்தி மாமியார் என்று சொல்லிச் சிரிப்பை வாங்கிக்கொண்டாள். இவள் பொறுமை என்றாள். இங்கே சேர்த்தது அங்கே உதவும், அங்கே சேர்த்தது இங்கே உதவும், இரண்டு இடமும் செழிக்கும் என்று அவர் கை தட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையிருப்பின் லட்சணம் அவள் கணவனுக்குத்தான் தெரியும். "சுவத்தோட சண்டை போட்டாக்கூடக் கையாவது வலிக்கும். உன்கூட அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு மூன்று வருடத்துக்கு முன் போனவன் போனவன்தான். அன்றைக்கும் அவள், நீங்க சொல்றது புரியுது என்றுதான் சொன்னாள்.

பயிற்சி முடிந்த கையோடு தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருடம் ஊர் ஊராகப் போய்க் கிளை அலுவலகங்களில் பொறுமையைக் கற்றுத்தர வேண்டும். அவள் சரி என்றாள். பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகளுக்கு ஒரு விடுதியில் இடம் பேசினாள். மகளிடம் மட்டும் பேசவில்லை. நல்ல நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நேற்று விடுதிக் காப்பாளர், மேல் கட்டிலா கீழ் கட்டிலா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மகள். அதன்பிறகு வீட்டில் கத்தல், கதவு அறைதல். கவுன்டரில் செய்கிற மூன்றையும் அவள் வரிசையாகச் செய்து பார்த்தாள். கத்தல் அடங்கியது. அடங்கிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தும் விட்டாள்.

"அடுத்தது யாருங்க, சொல்லுங்க" என்றாள் இப்போது. ஒலிபெருக்கி அவள் குரலைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. முதுகுக்குப் பின்னால் தலைமை அலுவலக அதிகாரி நின்று அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியில் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள் மகள். கையில் டோக்கன்.

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"புகார் குடுக்க வந்திருக்கேன்."

"வீட்டுல பேசலாம்."

"வீட்டுல நீ கேக்கற மாதிரி இருப்ப. இங்கயாவது பதில் சொல்லித்தானே ஆகணும்."

"நீ சொல்றது..."

"புரியுது. என் கோவம் நியாயம்தான். என்ன செய்யலாம்னு பாக்கற. அது முடிஞ்சுது. அடுத்தது என்ன, சொல்லு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்த பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதாம்மா? எங்க தெருவுல நாலு நாளா தண்ணி இல்ல."

மகள் திரும்பாமலே, "எங்க வீட்டுல மூணு வருஷமா ஆளே இல்லைங்க. கொஞ்சம் நில்லுங்க" என்றாள். பிறகு அம்மாவிடம், "என்னை ஏன் அனுப்பற? என் நல்லதுக்குன்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

உன் நல்லதுக்கு என்பதைத்தான் அவள் சொல்ல இருந்தாள். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் பெண் எழுந்து போய்விடுவாள், அதிகாரிக்குத் திருப்தியாக இருக்கும், புது வேலை உறுதி. ஆனால் மகளின் முகத்தில் கோபம் தீர்ந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் கத்துகிறவரை நாற்காலியில் இருப்பார்கள். கத்தி அலுத்ததும் எழுந்து போவார்கள். கவுன்டரில் அதற்குப் பெயர் வெற்றி. வீட்டில் அதற்கு என்ன பெயர் என்பது, கணவன் எழுந்து போன அன்று அவள் ஒரு தடவை பார்த்ததுதான். மகள் பையைத் தோளில் மாட்டினாள்.

"உக்காருடி."

அந்தக் குரலை அலுவலகம் கேட்டதில்லை. அவளே கேட்டு வெகுகாலம் ஆயிற்று.

"உனக்காக ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான். ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் மூஞ்சியில கத்திட்டுப் போறான். வீட்டுக்கு வந்தா நீ இருக்க. ஒரு வருஷம் யாரும் என்னைத் திட்டாத ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காரணும். உன்னை விட்டுட்டுப் போறத நெனச்சேன், நிம்மதியா இருந்துச்சு. ஆமா, நிம்மதிதான். பெத்தவளுக்கு அப்படித் தோணலாமான்னு கேளு. தோணிடுச்சு. உங்கப்பன் போன அன்னைக்கு எனக்குக் கொலை வெறி. அடக்கி அடக்கி எனக்கு நெஞ்செல்லாம் எரியுது. பொறுமையாம், பொறுமை. எவனுக்கு வேணும்?"

ஒவ்வொரு சொல்லும் கூடத்தின் நான்கு மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கவுன்டரில் முத்திரை குத்தும் சத்தம் நின்றது. பின்னாலிருந்து அதிகாரி, "மேடம்" என்றார், இரண்டு முறை. அவள் திரும்பவில்லை.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்திருந்தது. உதட்டில் வெறுப்பும் இருந்தது. தோளிலிருந்து பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். முழங்கால் கவுன்டரில் இடிக்கும்வரை நாற்காலியைக் கண்ணாடியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம்" என்றாள், "இன்னும் சொல்லு."