இரண்டு சின்னத்தாயி

"பெயரைத் தவறாக அழித்தது நான்தான்" என்று எஸ்டேட் ஆபீஸ் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஜெயமேரி சொல்லி மூன்று நாள் ஆகிவிட்டது.

ஏற்காட்டில், செம்மநத்தத்துக்கு மேலிருந்த காப்பி எஸ்டேட்டில் ஆள் பட்டியல் கம்ப்யூட்டருக்கு மாறியது 1997இல். புரோகிராம் ஜெயமேரி எழுதியது. அந்த மலையில் ஒரே வகையறாவில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருக்கும். பட்டியலிலும் அடுத்தடுத்து இரண்டு சின்னத்தாயி. மூத்தவள் வேலையை விட்டபோது ஜெயமேரி ஒரு பெயரைத்தான் நீக்கினாள். இரண்டும் போய்விட்டன. பெயர் இல்லாதவளுக்கு வேலையும் கிடையாது, எஸ்டேட் தரும் லைன் வீடும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யும்படி இளையவளுக்கு உத்தரவு.

ஜெயமேரி கையெழுத்துப் போட்டால் சின்னத்தாயிக்கு வீடு திரும்பும், இவளுக்கு வேலை போகும். அதைக் கேட்ட சின்னத்தாயிக்குக் கோபம்தான் வந்தது.

"செய்யாத தப்புக்கு எதுக்குக் கண்ணு கையெழுத்து? சென்னை ஆபீஸ்காரவிங்க வரட்டும், நானும் நிக்கறேன்."

சனிக்கிழமை சென்னை ஆபீசிலிருந்து மாதேஸ்வரன் வந்தார், பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினியர். சின்னத்தாயி கூடையோடு வாசலிலேயே நின்றாள்.

"நீக்கற வேலையை நான் எழுதலீங்க. கம்ப்யூட்டர் மொழியோட ரெடிமேடா வர்ற லைப்ரரிதான் செய்யுது. ஒரே பேரு பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டையும் தூக்கிருதுங்க" என்றாள் ஜெயமேரி.

"உலகம் பூரா உபயோகிக்கிற லைப்ரரிம்மா. ஏற்காட்டுல உக்காந்து நீ அதுல தப்புக் கண்டுபிடிச்சியா?"

"ஆமாங்க."

இத்தனை திமிராக ஒரு 'ஆமாங்க' அவர் கேட்டதேயில்லை. ஜெயமேரி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்க கையாலயே அடிங்க. உங்க பேரை ரெண்டு தடவை போட்டு, ஒண்ணை மட்டும் நீக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். நீக்கினார். திரையில் ஒன்றுமில்லை. மறுபடி செய்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை சிரிப்பும் இல்லை.

ஜெயமேரி அந்தக் கடிதத்தை அவர் முன்னால் தள்ளி, பேனாவைத் திறந்து வைத்தாள். உள்ளுக்குள் நொந்து கிடந்த மூன்று நாளும் அவள் குரலில் இருந்தது.

"ஏனுங்க சார், இப்ப அழிச்சது நீங்கதானுங்களே. கையெழுத்துப் போடுங்க."

அவர் கடிதத்தை நாலாய்க் கிழித்துவிட்டு, அச்சடித்த ஆள் பட்டியலை இழுத்து, கடைசி வரியில் கையாலேயே எழுதினார்: சின்னத்தாயி.