பத்து சென்டிமீட்டர் கோடு

நாலாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குத் தாள் தயாரிப்பது பல வருடமாக என் தலையில் விடிகிற வேலை. இந்தத் தடவை முதலிடம் பிடிக்கும் பிள்ளைக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும். ஒரே ஓர் இடம். இணையத்தில் மாதிரித் தாள்களைத் தேடித் தேடிப் பார்த்தேன், எல்லாம் அரைத்த மாவு. சிலதை எடுத்து எண்களை மாற்றினேன், மீதியை நானே எழுதினேன். அதில் எனக்குச் செல்லமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு கோடு வரைந்து, 'ஸ்கேலால் அளந்து நீளத்தை எழுதுக' என்று போட்டிருந்தேன். எந்தக் கைடிலும் கிடைக்காது, மனப்பாடம் செய்து வந்து கொட்டவும் முடியாது என்று உள்ளூரப் பெருமை.

மதியம் பட்டியல் ஒட்ட வேண்டிய நேரத்தில், திருத்திய தாளோடு சந்தேகம் வந்து நின்றாள். எதைச் சொன்னாலும் கை தூக்குவதால் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். நாற்பத்தாறு மதிப்பெண், இரண்டாமிடம்.

"மிஸ், கோடு ஒம்பதுதான்."

"பத்து. போய்ச் சாப்பிடு."

"மூணு தடவை அளந்தேன் மிஸ்."

எரிச்சலோடு ஸ்கேலை வைத்தேன். ஒன்பது. திருப்பி வைத்தும் ஒன்பதேதான்.

ஆபீஸ் கிளார்க்கிடம் ஓடினேன்.

"தாள்ல அடங்கல டீச்சர். ஜெராக்ஸ் மெஷின்ல கொஞ்சம் சுருக்கிப் போட்டேன். எழுத்தெல்லாம் நல்லாதானே தெரியுது?"

அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. ஆனால் வகுப்பே ஒன்பது என்று எழுதியபோது, ஸ்கேல் பிடிக்கத் தெரியாத கூட்டம் என்று திட்டிக்கொண்டே தப்புப் போட்டது நான்தானே.

தாள்களைத் திரும்ப வாங்கி மறுபடி திருத்தினேன். மூன்றே மூன்று தாளில் பத்து இருந்தது. ஒன்று, முதலிடத்தில் இருக்கும் பையனுடையது. மூன்று பேரும் சாயங்காலம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் கணவரிடம் டியூஷன் படிக்கிறவர்கள். பத்து என்ற விடை உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, வீட்டில் என் கம்ப்யூட்டரில்.

போன் செய்தேன். "ஏங்க, என் கணக்குத் தாளைப் பாத்தீங்களா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"பாத்தீங்களா, இல்லையா?"

"பசங்களை அதை ரெண்டு தடவை போட வச்சேன், அவ்வளவுதான். அந்தப் பையன் வீட்ல எவ்வளவு நம்பி அனுப்பறாங்க. நீ பாட்டுக்கு எதையாவது கிளப்பாத. வேலை போகப் போறது உனக்குத்தான்."

வைத்துவிட்டார். புது மதிப்பெண்ணைக் கூட்டினேன். பையன் நாற்பத்தெட்டு, சந்தேகம் நாற்பத்தேழு. கோட்டைத் திருத்தியும் இடம் அவனுக்குத்தான்.

தலைமையாசிரியை பசைப் புட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். மெஷின் கதையைச் சொன்னேன். அந்த மூன்று தாள்களையும் பார்த்துவிட்டு அவரே காரணம் கண்டுபிடித்தார்.

"சைபரை விட்டுட்டு ஒண்ணுலேருந்து ஸ்கேலை வச்சிருப்பாங்க. ஒம்பது பத்தாயிடும். பசங்க எப்பவும் பண்றதுதானே?"

எப்பவும் பண்றதுதான். வருடா வருடம் நான் திருத்துகிற தப்பு அது. இதைவிட நல்ல சாக்கு கேட்டாலும் கிடைக்காது. தலையை ஆட்டினால் போதும், என் வேலையும் தப்பும், வீட்டு மானமும் தப்பும். ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டில் சந்தேகம் சாப்பிடாமல் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப ஒட்டிடலாமா டீச்சர்?"

பட்டியலின் மேல் கையை வைத்தேன்.

"வேண்டாம் மேடம். அவங்க அளக்கவே இல்ல. விடையை எங்க வீட்டுல பாத்துட்டு வந்திருக்காங்க. காட்டினது என் வீட்டுக்காரர்."

அவர் பசைப் புட்டியை மூடினார்.

"தேர்வை மறுபடி வைக்கணும்."

"ஆமா மேடம்."

"தாளை நீங்க போட வேண்டாம். மத்ததை நாளைக்குப் பேசலாம்."

வெளியே வந்ததும் அவள் எழுந்தாள். "ஒம்பது சரியா மிஸ்?"

"சரி. ஆனா எல்லாரும் மறுபடி எழுதணும்."

"ஏன் மிஸ்? நான் அளந்துதானே எழுதினேன்?"

அவளுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் விட மாட்டாள். படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டில் நடந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.