சிவப்பு மட்டும் கடந்த சவ்வு

1

1971, பல்லாவரத்தில் சந்தை கூடும் ஒரு வெள்ளிக்கிழமை.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு சிவப்புத் துளி. அது யார் கையில் விழுந்தது என்று தெரியாமலே எழுதத் தொடங்கினேன். முதல் வரி இப்படி இருந்தது: யூனிஸ் தற்செயலாகத் தவறான புட்டியை எடுத்து

அந்த வரியை அடித்துவிட்டேன். கண்டுபிடிக்கும் பெண்களுக்குக் கதைகளில் எப்போதும் கை தவறிவிடுகிறது. யூனிஸுக்குத் தவறவில்லை.

2

அன்று, பக்கத்துத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு புரதங்கள் ஒரே கரைசலில்: சிவப்பு ஹீமோகுளோபின், நிறமில்லாத ஆல்புமின். பருமனில் ஏறக்குறைய சமம். அதனால் வடிகட்டிப் பிரிக்கவே முடியாது என்றார் பேராசிரியர் சத்தியநாதன்.

அவருடைய ஆராய்ச்சி மாணவி யூனிஸ் வடிகட்டும் சவ்வை ரசாயனத்தில் ஊறவைத்து அதற்கு எதிர்மின்னூட்டம் ஏற்றினாள். ஆல்புமினுக்கும் அதே மின்னூட்டம். சவ்வு அதை விரட்டும். மின்னூட்டம் அநேகமாக இல்லாத சிவப்பு மட்டும் இறங்கும்.*

* இவ்வளவு விளக்கம் ஒரு கதைக்குத் தேவையா? அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அந்த நான்கு வாக்கியங்களில்தான் இருக்கிறது.

3

இறங்கியது. ஆய்வக உதவியாளர் சவுரிமுத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, கசாப்புக்கடை கணக்கா சொட்டிக்கினு கீது?"

"சொட்டணும் அண்ணா. சொட்டலேன்னாதான் பேஜாரு."

சத்தியநாதன் வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சவ்வுல ஓட்டை, யூனிஸ். ரெண்டும் சேர்ந்துதான் ஒழுகுது. திங்கக்கிழமையோட ரிசர்ச்சை முடிச்சுக்கலாம். குரோம்பேட்டையில ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் இடம் காலியா இருக்கு."

(இங்கே அவள் அழுதாள் என்று ஒரு வரி இருந்தது. அடுத்த நாள் படித்தபோது பொய்யாக இருந்தது.)

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் ஓட்டை உண்மை. அவள் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். இன்னொன்றில் பேராசிரியர் மனம் மாறி, கட்டுரையில் தன் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் சேர்க்கிறார். இரண்டிலும் தீர்ப்பு அவருடையது. இரண்டையும் கிழித்தேன்.

யூனிஸ் அதே சவ்வைக் கழுவி, ஆல்புமின் கரைசலை மட்டும் ஊற்றினாள். அழுத்தம் கொடுத்தாள். கீழே வடிந்ததைச் சோதனைக்குழாயில் பிடித்து அவர் கண்ணெதிரே கொதிக்கவைத்தாள். ஆல்புமின் இறங்கியிருந்தால் முட்டை வெள்ளைபோல வெளுத்துக் கலங்கும்.

கொதித்தது. தண்ணீராகத் தெளிந்தே இருந்தது.

சவுரிமுத்து சிரிப்பை இருமலாக்கினார்.

சத்தியநாதன் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் பேச வேறு கதைகள் கிடைக்கும். திங்கட்கிழமையை உங்களிடம் விடுகிறேன். இங்கே கடைசியாகப் பேசுவது அவள்.

"ஓட்டைன்னா இது ஏன் சார் கலங்கல?"