சத்தம் போடாத பெட்டி

பஞ்சநாதனும் அவர் மகன் அன்புச்செல்வனும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி பேச ஆரம்பித்ததே அவன் அம்மா அம்புஜவல்லியால்தான். பின்னால் அந்த இரண்டு பேருக்குமே அது ஞாபகம் இல்லாமல் போயிற்று.

அன்பு சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சந்திரலேகாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றைக்கு மூடிய வாய்தான் பஞ்சநாதனுக்கு. விருத்தாசலம் பெரியார் நகர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பேத்தி பிறந்த சேதியைக்கூட அம்புஜவல்லி சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல்தான் அவர் காதில் போட்டாள்.

2008 கோடையில் ஒரு ஞாயிறு, அன்பு போனில் அழுதான். லேப்டாப் டிஸ்க் கெட்டுவிட்டது. குழந்தை இளமதி பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ ஒன்றுவிடாமல் போய்விட்டது. அம்புஜவல்லி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்.

"ஒரே டிஸ்க்குல எல்லாத்தையும் வச்சா அப்படித்தான் ஆவும். கூறுகெட்ட பய" என்றார் அவர். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளே வந்து ரிசீவரைப் பிடுங்கினார். "டேய், அந்த டிஸ்க்க திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காத. இருக்கறதும் போயிடும்."

அன்றைக்கு அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அம்புஜவல்லி அடுக்களையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் சர்வர் பேச்சு ஆரம்பித்தது. விருத்தாசலம் வீட்டில் ஒரு பெட்டி ராப்பகலாக ஓட வேண்டும். கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டதும், அன்பு இனி அனுப்புகிறதுமான போட்டோ, வீடியோ எல்லாம் அதில் இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். பஞ்சநாதன் முப்பது வருஷம் சுரங்கத்தில் மின் பிரிவில் இருந்தவர். அந்த இரைச்சலில் நொந்த காது, ரிட்டயர் ஆன பிறகு பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூடத் தாங்குவதில்லை. அதனால் பெட்டி சத்தம் போடக் கூடாது என்றார். கரண்டும் சொற்பமாகத்தான் எடுக்க வேண்டும். அந்த வருஷம் மின்வெட்டு ஊரையே ஆட்டி வைத்தது. இன்வெர்ட்டரில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற பெட்டியாக இருந்தால்தான் ஆகும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாமான். பிராசஸரைப் போர்டிலேயே பற்றவைத்து விற்கிற சின்ன ரகம் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. கரண்ட் கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் அதில் ஒரு குட்டி ஃபேன் கொசு மாதிரி ரீங்கரிக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டுப் பஞ்சநாதனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. "அத கழட்டிட்டு, சூட்ட இழுத்துக்கற ஹீட்சிங்கா பெரிசா மாட்டிடலாம்பா" என்று அன்பு சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. பவர் சப்ளையிலும் ஃபேன் கூடாது. லேப்டாப்புக்கு இருப்பதுபோல் வெளியே கிடக்கிற அடாப்டர் போதும். டிஸ்க் வேகமாகச் சுற்றினால் சூடு, சத்தம். மெதுவாகச் சுற்றுவதே நல்லது. ஒன்றில் எழுதுவதை மற்றது அப்படியே எழுதிக்கொள்ளும்படி இரண்டு. அந்த டிஸ்க்குகளையும் பெட்டியில் நேராக முடுக்கினால் தகரம் அதிரும். சைக்கிள் ட்யூப்பை வாராக வெட்டித் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட வேண்டும்.

சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய ட்யூப் வாங்கி வந்தது அம்புஜவல்லிதான். அவர் வெட்ட, அவள் முனையைப் பிடித்துக்கொண்டாள். அப்பனும் பிள்ளையும் சேர்ந்துகொண்ட சந்தோஷத்தில் அவளுக்கு அந்தப் பெட்டி மேல் ஒரு பாசமே வந்திருந்தது.

பஞ்சநாதன் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து எல்லாவற்றையும் வாங்கி வந்தார். கூடத்தில் மேசை மேல் பெட்டி ஏறியது. முதல் தடவை ஓட்டியபோது காதை அதன் மேல் வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். மறுபடி வைத்தார்.

"இந்தா, நீ கொஞ்சம் பின்கட்டுக்குப் போ. உன் இழுப்புல இதோட சத்தமே தெரியல."

அம்புஜவல்லிக்கு மூச்சிளைப்பு உண்டு. அன்பு படித்து முடிக்கிறவரை அவள் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் களிமண் மாவு சலித்தாள். பிறகு பொம்மைக்குப் பளபளப்புப் பூசுகிற கிளேஸ் பிரிவில் இருந்தாள். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. பருவம் மாறினால் இழுப்பு வரும். கம்மாபுரத்தில் இருக்கிற அவள் தம்பி மாயவன் ஒரு மூச்சு மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். மருந்தை ஊற்றி, மாஸ்க்கை முகத்தில் வைத்து ஓட்டினால் மருந்து புகையாக உள்ளே போய் நெஞ்சு திறக்கும். அது டர்ரென்று ஓடும்.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். சாயங்காலம் அவள் பாயும் தலையணையும் அங்கே வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். ஒரு தரம் அன்பு கேட்டான், "என்னப்பா பின்னாடி ஒரே சத்தம்?"

"உங்கம்மாதான். இருமிகினு இருக்கா."

"டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுப்பா. சரி, அந்த டெம்பரேச்சர் எவ்ளோ காட்டுது?"

அதற்குப் பிறகு போன் நேரத்தில் அவள் தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமினாள். அவளிடம் கொடுக்கட்டுமா என்று இவர் கேட்பதும், அப்புறம் பேசுறேன்பா என்று அவன் சொல்வதும் அவளுக்குக் கேட்கும். பிறகு இவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

ஆவணியில் பஞ்சநாதன் இன்வெர்ட்டர் லைனைப் பிரித்தார். கூடத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பின்கட்டு பிளக்கை எடுத்துவிட்டார்.

"ஏங்க, கரண்ட் இல்லாதப்ப எனக்கு இழுத்துச்சுன்னா?"

"உன் மிஷினு மோட்டார் ஸ்டார்ட் ஆவும்போது கரண்ட குபுக்குனு இழுக்குது. சர்வரு ரீஸ்டார்ட் ஆயிடுது. எழுதிகினு இருக்கறப்ப ஆச்சுன்னா டிஸ்க்கு போயிடும், தெரியுமா? கரண்ட் இருக்கறப்பவே வச்சிக்கோ."

இழுப்பு கரண்டைப் பார்த்தா வரும் என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிடுமோ என்று பயம்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் இரண்டு டிஸ்க்கில் ஒன்று கெட்டது. பஞ்சநாதன் புதிது வரவழைத்து மாட்டினார். நல்ல டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதியதற்கு எழுதவிட்டார். அது முடிகிறவரை இருப்பது ஒரே பிரதி. அவர் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. பத்து மணிக்கு கரண்ட் போயிற்று. பேட்டரியும் பழசு.

அம்புஜவல்லிக்கு அன்று விடியும்போதே நெஞ்சு கட்டியிருந்தது. கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்றது. மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்தாள். பேச வரவில்லை. பிளக்கைச் சுவரில் சொருகப் போனாள்.

அவர் எழுந்து வந்து அதை அவள் கையிலிருந்து எடுத்தார். கோபமாகக்கூட இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோல் எடுத்தார்.

"எழுபது பர்சென்ட் ஆயிடுச்சு வல்லி. கொஞ்சம் பொறுத்துக்கோ. பாப்பா போட்டோ பூரா இதுலதான் இருக்குது."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் எண் மாறுவதற்காக அவளும் காத்திருந்தாள். எழுபத்தொன்று ஆயிற்று. உதடு மரத்துப்போயிற்று. எழுபத்திரண்டு. அதற்குள் அவளுக்கு எண் மங்கிவிட்டது. மயக்கத்துக்கு முன்னால் அவள் கடைசியாகப் பார்த்தது, அவர் குனிந்து பெட்டி மேல் கையை வைத்துச் சூடு பார்த்ததைத்தான்.

மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு வீராயிதான் பார்த்துக் கத்தினாள். அவளே ஆட்டோ பிடித்து, அம்புஜவல்லியை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். "பின்னாடியே வரேன், நீ போ" என்றார் பஞ்சநாதன்.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மத்தியானத்துக்கு மேல் அம்புஜவல்லிக்குக் கண் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு ஆம்பிளை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம். "என்னைப் பெத்த தாய் மாதிரி வளத்தியே அக்கா" என்று அந்தக் குரல் ஒப்பாரியாக இழுத்தது. தன் தம்பிக் குரல் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தான் செத்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

நடந்ததை வீராயி பிறகு சொன்னாள். சேதி கேட்டு மாயவன் கம்மாபுரத்திலிருந்து வண்டியில் பறந்து வந்திருக்கிறான். கேட்டருகே பஞ்சநாதன் அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறார். "என்ன மாமா ஆச்சு?" என்று இவன் கேட்க, அவர், "முடிஞ்சுடுச்சு மச்சான். நல்லபடியா முடிஞ்சுடுச்சு" என்றிருக்கிறார். முதல் வார்த்தையிலேயே மாயவன் மண்ணில் விழுந்துவிட்டான். அவர் சொன்னது டிஸ்க்கை.

உள்ளே வந்தபோதும் அவர் முகத்தில் அந்தத் திருப்தி இருந்தது. கட்டில் பக்கத்தில் நின்றார். "ஒண்ணுகூட போவல" என்றார் அவளிடம். "அன்புகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டான்."

"என்னைப் பத்தி?" என்றாள் மாஸ்க்குக்குள்ளிருந்து.

"சும்மா இழுப்புதானே, அவன எதுக்குப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன்."

மாயவன் அக்காவை நேராகக் கம்மாபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். பஞ்சநாதன் தடுக்கவில்லை. "உடம்பு தேறட்டும்" என்றார். அவள் சேலைகளை இரண்டு நாள் கழித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

மாயவன் வீட்டிலும் சுகம் என்று சொல்ல முடியாது. நிலத்தைச் சுரங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு தெருவெல்லாம் ஓடியது. அவன் பெண்டாட்டி பூவாயி வாய்த் துடுக்குக்காரி. ஆனால் கரண்ட் போனால் பக்கத்துத் தெரு மாவு மில் ஜெனரேட்டருக்கு அவள்தான் மிஷினையும் அம்புஜவல்லியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் திட்டினாள். ஓடவும் செய்தாள்.

கார்த்திகை போயிற்று, மார்கழியும் பிறந்துவிட்டது. அன்பு கூப்பிடவில்லை. கடைசியில் மாயவன் செல்போனிலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"அம்மா! எப்படிம்மா இருக்க? உடம்பு தேவலையாயிடுச்சு போல. இப்பல்லாம் அப்பாகூட பேசறப்ப இருமல் சத்தமே வரதில்ல. நானே லேகாகிட்ட சொன்னேன், அம்மாவுக்கு நல்லாயிடுச்சுன்னு."

அவள் சொன்னாள்: "நான் அந்த வூட்டுல இல்லப்பா. உன் மாமா வூட்டுல இருக்கேன். ரெண்டு மாசம் ஆவுது." ஆஸ்பத்திரியைச் சொன்னாள். பிளக்கைச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கி, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

லைன் போய்விட்டதா என்று செல்போனை எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ அப்பா தனியாவா இருக்காரு?" என்றான் அன்பு. "சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றாரு? பாவம்மா. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லவே இல்லையே அவரு. நீ எனக்காகக் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்மா."

"அனுசரிச்சேம்பா" என்று மட்டும் சொன்னாள்.

பொங்கல் லீவில் அன்பு குடும்பத்தோடு வந்தான். பெரியார் நகர் வீட்டில்தான் தங்கினான். பெட்டிக்கு இன்னும் பெரிய டிஸ்க்குகள் கொண்டு வந்திருந்தான். அப்பனும் பிள்ளையும் இரண்டு நாள் அதிலேயே இருந்தார்களாம். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் காரில் கம்மாபுரம் வந்தான். சந்திரலேகா தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போட்டோவில்கூட அம்புஜவல்லி அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அவள் அப்போது மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை நெளிந்து முகத்தைச் சுளித்தது.

"அம்மா, அத கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணேன். பாப்பா எழுந்துடும்" என்றான் அன்பு.

பூவாயி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அம்புஜவல்லி கையைக் காட்டி அவளைத் தடுத்தாள். சுவிட்சை அணைத்தாள். மருந்து பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

அரை மணி நேரம் இருந்தார்கள். குழந்தை எழவே இல்லை. அம்புஜவல்லி ஒரே ஒரு தரம் அதன் பாதத்தைத் தொட்டாள். கிளம்பும்போது அன்பு கேமராவை எடுத்தான்.

"இங்க பாரும்மா. உன் போட்டோவே அங்க இல்ல. ஒண்ணு எடுத்து சர்வர்ல போட்டுடறேன்."

அம்புஜவல்லி முந்தானையை இழுத்து முகத்தின் குறுக்கே பிடித்தாள். "வேணாம்பா. எங்க வேணா வச்சிக்கோ. அந்த வூட்டுல கொண்டுபோயி என்னை வைக்காத."

"என்னம்மா நீ, சின்னப் புள்ள மாதிரி" என்று சிரித்தான். அவள் நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் படவே இல்லை. பக்கத்தில் வந்து, அவள் விரல்களைப் பக்குவமாகப் பிரித்து, முந்தானையை இறக்கிவிட்டான். திரும்ப மூட அவள் கை எழும்பவில்லை; மூச்சு அடைத்துக்கொண்டு வந்தது. அதற்குள் மூன்று எடுத்துவிட்டான்.

கார் தெரு திரும்பிய பிறகு பூவாயி வந்து மிஷினைப் போட்டாள்.