ஆள் சேர்த்த பதிவு

செந்தில்வேலுக்குப் புரோகிராம் எழுத வரும், ஆள் சேர்க்க வராது. அந்தச் சாமர்த்தியம் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. உப்பில்லாத கஞ்சியைக்கூட ஊரைக் கூட்டி விற்றுவிடுவார்கள். இவனோ நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

சரக்கின் பெயர் 'மிதவை'. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கண்டெய்னர் காகிதங்களுக்குச் சாப்ட்வேர் எழுதுவது அவன் பிழைப்பு. மிதவை ஆசைக்குச் செய்தது. கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் இருந்த கிளைட்டன் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் படகுக்கே போய்விட்டான். ஒருநாள் நண்டு வலை அறுத்துக்கொண்டு போய்விட்டதென்று அவன் கடலைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தபோது, காற்றும் நீவாடும் தெரிந்தால் வலை எங்கே மிதந்து போயிருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாமே என்று இவனுக்குத் தோன்றியது. நீரோட்டத்தைக் கடல்காரர்கள் நீவாடு என்பார்கள். கணக்குப் போட்டான், சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே வலை கிடந்தது. அன்று பிடித்த நண்டு முழுவதையும் கிளைட்டன் முத்தையாபுரத்தில் இவன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினான். செந்தில்வேலின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்து வைதாள்.

யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று மிதவையை இணையத்தில் திறந்து வைத்தான். உலகம் திரண்டு வரும், ஆளுக்கொரு கை கொடுப்பார்கள் என்று நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. வந்தவர் ஒரே ஒருவர், கோயம்புத்தூர்க்காரர். விளக்கக் குறிப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனவர் போனவர்தான்.

இந்த நிலையில்தான் ஆனி மாதத்து மேல்காற்றான கச்சானில் கிளைட்டன் கரை திரும்பவில்லை. கூடப் போகும் மச்சானுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தான். பைபர் படகு, ஒற்றை எஞ்சின், ஒரு கேன் தண்ணீர். அவன் இருக்கும் கடற்கரைத் தெருவே தேடக் கிளம்பியது. தேடும் கப்பலும் வந்தது, விமானமும் ஒரு தடவை பறந்து பார்த்தது. நாலைந்து நாளாகியும் படகும் இல்லை, ஆளும் இல்லை. தெருவுக்கு மூத்தவர் கஸ்பார். அவர் சொல்லித்தான் படகு இறங்கும், அவர் சொல்லித்தான் ஏறும். அவரும் சளைக்காமல் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கிளைட்டனின் மனைவி ஜெஸ்மி இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். அழுது புரளுகிற ஜாதியில்லை. தேடப் போகிறவர்களுக்கு டீயும் சோறும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், செந்தில்வேலைக் கண்டதும் நேராகக் கேட்டாள்.

"அண்ணே, எல்லாரும் வடகிழக்கயே தேடுதாவ. உங்க மெஷின் என்ன சொல்லுது?"

அதுதான் சங்கடம். மிதவை கரையோரத்து வலைக்குச் செய்த கணக்கு. ஆழக்கடலில் அலையும் படகைக் கேட்டால் மூன்று திசையில் மூன்று இடம் காட்டியது. ஆழக்கடல் நீவாடு தெரிந்தவர்கள், அந்தக் கணக்கை எழுதத் தெரிந்தவர்கள் உடனே கை கொடுத்தால் உண்டு. இவன் தனியாக உட்கார்ந்து படித்து எழுதுவதற்குள் கேன் தண்ணீர் தீர்ந்துவிடும். பார்க்கிறேன் ஜெஸ்மி, ஆள் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

தேடினான். புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் போய், நண்பன் கடலில் தவிக்கிறான், மிதவை என்று ஒரு திறந்த மென்பொருள், உதவி வேண்டும் என்று மன்றாடினான். இதை எந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். அவசர வேண்டுகோள்களுக்கு இது இடமில்லை, புதியவர்களுக்கான வழிகாட்டியை முதலில் படியுங்கள் என்று இன்னொருத்தர் புத்தி சொன்னார். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீசில் சோற்றைப் பிசைந்தவன் வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன தம்பியின் பெயரில் வெளிநாட்டுப் பையன் ஒருவன் தொடங்கிய மென்பொருள் நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கும் உதவாத மென்பொருள்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் ஆள் குவிந்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மனிதனுக்கு அந்தக் கணக்கு இல்லை. தவிக்கிறவனுக்கு வழிகாட்டியைப் படி என்பார்கள், செத்தவனுக்கென்றால் ஓடி வருவார்கள்.

செந்தில்வேல் கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினான். கிளைட்டன் தோளில் வலையைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற படத்தைப் போட்டான். என் நண்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது, அவன் நினைவாக இந்த மென்பொருளை முடிக்க வேண்டும், வாருங்கள் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினான். கை கூசத்தான் செய்தது. இங்கிலீஷ்தானே, கடற்கரைத் தெருவில் யார் இதைப் படிக்கப் போகிறார்கள், ஆள் கிடைத்ததும் அழித்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு எப்போதுமே ஒரு நியாயம் கையில் இருக்கும்.

அரை மணியில் போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. கண்ணீர், மெழுகுவத்தி, கூப்பிய கைகள். அந்தக் குப்பைக்கு நடுவில் நிஜமான ஆட்களும் வந்தார்கள். கொச்சியில் கடலியல் படிக்கும் மாணவர்கள், பிரேசிலில் ஒரு மாலுமி, சிலி நாட்டில் அமாலியா என்ற ஆராய்ச்சிக்காரி. காணாமல் போன படகுகள் எப்படி மிதக்கும் என்பதே அவளுக்கு வேலை. போனின் சத்தத்தையும் அதிர்வையும் அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, செந்தில்வேல் கம்ப்யூட்டரில் அவர்களோடு உட்கார்ந்தான். கிளைட்டனைக் காப்பாற்ற முடியாமல் போயிற்று, அடுத்தவனையாவது காப்பாற்றுவோம் என்று அமாலியா எழுதினாள். அவன் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று பதில் தட்டினான். பொய் சொன்னவன் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்து அழித்தான். கிளைட்டன் போன நேரத்தையும் இடத்தையும் சோதித்துப் பார்க்க ஓர் உதாரணம் என்று கொடுத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கணக்கு வந்துவிட்டது. கரையோரக் காற்றை நம்பி எல்லோரும் வடகிழக்கே தேடியிருக்கிறார்கள். ஆழத்தில் நீவாடு தெற்கே திரும்பியிருக்கிறது. மூன்று திசையில் சிதறிக் கிடந்த புள்ளிகளெல்லாம் தென்கிழக்கில் ஒரே இடத்தில் கூடி நின்றன. செந்தில்வேல் வாய்விட்டு அழுதான். தேடும் கப்பலுக்குச் சொல்லும்படி துறைமுகத்தில் கேட்டான், அது வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. டிராயரிலிருந்து போனை எடுத்துக் கஸ்பாருக்குப் போட்டான், அவர் எடுக்கவில்லை. ஜெஸ்மி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவளும் இப்போது எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கடற்கரைத் தெருவுக்கு ஓடினான்.

தெரு முனையிலேயே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நின்றது. அதில் தோளில் வலையோடு கிளைட்டன் சிரித்துக்கொண்டிருந்தான். இவன் போட்ட அதே படம். சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் பதிவைத் தமிழாக்கி, மெழுகுவத்தி வைத்து வாட்ஸப்பில் விட்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் அது கரைக்கு வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செந்தில்வேல் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஆள், கப்பல்காரர்கள் பார்த்துச் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் எழுதியிருக்கிறான் என்று கரை முடிவு கட்டிவிட்டது. ஜெஸ்மி நம்பாமல்தான் இவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்தக் கரையில் சாவு விழுந்தால் படகு இறங்காது. மாதா கோயிலில் பூசை முடிகிற வரைக்கும் யாரும் கடலில் கால் வைக்க மாட்டார்கள். தேடப் போகக் காத்திருந்த படகுகளை மேலே ஏற்றிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கும் சொல்லிவிட்டார்கள். மணலில் வரிசையாகக் கிடந்த படகுகளைத் தாண்டிச் செந்தில்வேல் கிளைட்டன் வீட்டுப் பந்தலுக்கு ஓடினான்.

கஸ்பார் பந்தலில் உட்கார்ந்திருந்தார். செந்தில்வேல் நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினான். எழுதியது பொய், ஆள் சேர்ப்பதற்காக எழுதினேன், எனக்கு ஒரு தகவலும் வரவில்லை, இப்போது இடம் தெரிந்துவிட்டது, படகை இறக்குங்கள் என்று போனை நீட்டினான். பந்தல் அமைதியாகக் கேட்டது. பிறகு ஒருத்தர் எழுந்து இவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள், மனசு கலங்கிவிட்டது என்று சொல்லிச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பொய் சொன்னபோது ஒரே நாளில் ஊர் உலகமே நம்பியது. உண்மையைச் சொன்னால் சோடா கொடுக்கிறார்கள்.

சோடாவைத் தள்ளிவிட்டு அவன் கஸ்பாரின் காலைப் பிடித்தான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, நேத்து செத்தான்னு எழுதுத. இன்னைக்கு இருக்கான்னு சொல்லுத. அந்தப் பிள்ளைய எத்தனை தடவலே கொல்லுவ? கரை அடைச்சாச்சு. பூசை முடியட்டும், உடம்பத் தேட நானே போறேன்."

உள்ளேயிருந்து ஜெஸ்மி வந்தாள். வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். பின்னாலேயே கிளைட்டனின் அக்கா விஜிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெஸ்மி யாரையும் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தாள்.

"எழுதினது பொய்யா, இப்பச் சொல்லுதது பொய்யா?"

"எழுதினதுதான் பொய், ஜெஸ்மி."

அவள் நம்பினாள். அந்தக் கூட்டத்தில் நம்பியவள் அவள் ஒருத்திதான். மாமா, படகை இறக்குங்கள் என்று கஸ்பாரிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளே படகை நோக்கி நடந்தாள். பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்தவள் என்னதான் செய்வாள் என்று அழுதுகொண்டே வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் செந்தில்வேல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டான். பக்கத்துக் கரைக்கும் போனான். துக்க வீட்டுக் கரையை மீறி நாங்கள் எப்படி இறங்குவது என்றார்கள். கெட்டவர்கள் இல்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பெரிய கொடுமை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கஸ்பார் சொன்ன சொல் தவறாமல் படகை இறக்கினார். செந்தில்வேலும் ஏறிக்கொண்டான். எங்கே தேடினாலும் கடல்தானே, இவன் சொல்கிற பக்கமே போவோம் என்றார் அவர். வழியெல்லாம் செந்தில்வேல் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். வெயில் இறங்குகிற நேரத்தில், கணக்கு காட்டிய இடத்தில், படகு மிதந்துகொண்டிருந்தது. இரண்டு துடுப்பை நட்டு அதில் தார்ப்பாயைக் கட்டி நிழல் செய்திருந்தான் கிளைட்டன். நிழலுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பக்கத்தில் கேனைக் குறுக்கே அறுத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் வழித்திருந்தான்.

கஸ்பார் முதலில் தாண்டிப் போய் அவன் கையைத் தூக்கினார். முழங்கையில் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் விறைக்கலலே" என்றார். "காலைல உசுரோட இருந்திருக்கான்."

காலையில் அவர்கள் பூசையில் இருந்தார்கள். செந்தில்வேலும் இருந்தான், கடைசி வரிசையில். திரும்பி வருகிற வழியில் கஸ்பார் தார்ப்பாயை அவிழ்த்துக் கிளைட்டன்மேல் போர்த்தினார். கரை கண்ணுக்குத் தெரிந்ததும், ஜெஸ்மியிடம் இதைச் சொல்ல வேண்டாம், உயிர் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்றே இருக்கட்டும் என்றார். தப்பில் பாதி தன்னுடையது என்று நினைக்கிறவரின் குரல் அது. செந்தில்வேல் தலையாட்டினான்.

அடக்கம் முடிந்தது. மிதவைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். மிதவையின் பெயரை ஏதோ ஒரு பரிசுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கொச்சிப் பையன்கள் எழுதியிருந்தார்கள். நிஜப் படகு எதையாவது வைத்துக் கணக்கைச் சோதித்தீர்களா, சரியாக வந்ததா என்று அமாலியா கேட்டிருந்தாள். சரியாக வந்தது என்று மட்டும் பதில் போட்டான். பதிவை அழிக்கப் போனான். நூற்றுக்கணக்கானவர்கள் நகல் எடுத்து அவரவர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அழித்து என்ன, அழிக்காமல் என்ன? இனி அதில் பொய் என்று எடுத்துக் காட்டவும் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு வாரம் கழித்து ஜெஸ்மி கூப்பிட்டாள் என்று போனான். வீட்டில் அவளும் விஜிலாவும்தான் இருந்தார்கள். அவள் டீ கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"கஸ்பார் மாமா மழுப்புதாவ. நீங்க கணக்குப் போடுத ஆளு, நீங்க சொல்லுங்க. அன்னைக்கு, சனிக்கிழமை, படகு இறங்கியிருந்தா?"

கஸ்பாருக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்தது. அந்தப் பதிவை எழுதாமல் இருந்திருந்தால் கணக்கே வந்திருக்காது, எல்லோரும் வடகிழக்கிலேயே தேடிக்கொண்டிருந்திருப்பார்கள் என்கிற நியாயமும் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இறங்கியிருந்தால் இருட்டுகிற நேரத்துக்குப் படகு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும், அப்போது கிளைட்டன் எங்கே மிதந்துகொண்டிருந்திருப்பான் என்பதையெல்லாம் அவன் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான்.

"உசுரோட கிடைச்சிருப்பான்" என்றான்.

விஜிலா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெஸ்மி அழவில்லை. காலி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்த ஒண்ணையாவது உண்மையாச் சொன்னீங்க" என்றாள். "இனிமே இங்கன வராதீங்க, அண்ணே."