நூறு கிராமுக்கு ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. அக்கா தொலைபேசியில் கேட்டது. அவள் பயறு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள்.

"நீ பொய் எழுதித்தானே சாப்பிடுற? எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. பொய்யா மட்டும் இருக்கக் கூடாது" என்றாள்.

இதற்கு யானையைக் கட்டித் தீனி போட்டுவிடலாம்.

2

முதல் தொடக்கம்: வானம் பொய்த்த அந்த ஆண்டில், வெடித்த மண்ணில் ஒரு பயறுச் செடி தன் கடைசி...

(விட்டுவிட்டேன். "வானம் ஒண்ணும் பொய்க்கலைடா. கூரை போட்டு மழையைத் தடுத்து நாங்களேதான் காயவிட்டோம்" என்று அக்கா திருத்தினாள். எழுதுகிறவனுக்கு இப்படி ஓர் அக்கா வாய்க்கவே கூடாது.)

3

விஷயம் இதுதான். தண்ணீரில்லாமல் வளர்ந்த பயற்றில் புரதச் சதவீதம் ஏறியிருக்கிறது. நிலைய இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையின் முடிவாக அவர் எழுதிவைத்திருக்கும் 'வறட்சியில் பயறு சத்தாகிறது' என்ற வரியின் கீழ் அக்கா கையெழுத்திட்டால் வேலை நிரந்தரம். அதற்குப் பதிலாக வைக்கத்தான் அவளுக்கு வேறு வரி வேண்டும்.

"சத்து கூடலைடா. மணி சுருங்கி மாவு கொறஞ்சிருக்கு. வீட்டுல சின்னப் பசங்க பாதிப்பேர் கிளம்பிட்டா, பெரியவங்கதான் நெறைய இருக்கற மாதிரி தெரியும்ல, அப்படி."

ஆய்வகம் எதையும் நூறு கிராம் நிறுத்துத்தான் பார்க்கும். அந்த நூறு கிராம் சேர எத்தனை செடியை உலுக்கினார்கள் என்று தராசு கேட்பதில்லை. அந்த வரி வெளியே போனால், பயற்றுக்கு எதற்குத் தண்ணீர் என்று மேலிடத்தில் வாய்க்காலை மூடிவிடுவார்கள். அக்காவுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

4

(இயக்குநரை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. "நான் பொய் சொல்லச் சொல்லலையேம்மா. சதவீதம் உண்மைதானே?" என்கிறாராம். உண்மைதான், தொலையட்டும்.)

5

முடிவு அ: கையெழுத்திடுகிறாள்.

முடிவு ஆ: மறுக்கிறாள், வேலை போகிறது.

ஆ-வுக்கு வாசகர்கள் கைதட்டுவார்கள். வாடகையை அவர்களா கட்டுவார்கள்? எனக்கு அ-தான் பிடித்திருக்கிறது, அவள் என் அக்கா. அதை அவளிடமே சொன்னேன்.

"அதுக்கு உன்கிட்ட எதுக்குக் கேக்கிறேன்? அதைத்தான் அவரே எழுதிட்டாரே" என்றாள்.

6

எட்டு வரி எழுதிப் பார்த்தேன். உண்மையானது எதுவும் ஒரு வரியில் அடங்கவில்லை. அடங்கியதெல்லாம்...

(போதும்.) நாளைக் காலை நிலையத்தில் கூட்டம், அதற்குள் அக்காவுக்கு வரி வேண்டும். என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அதன் அடியில் பெயர் போடப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

.......................................................