ராத்திரியில் தேயும் பற்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் மேஜையில் சில பல் அச்சுகள் காத்திருந்தன. அதில் ஒன்றைக் கையில் எடுத்ததுமே அது யாருடைய வாய் என்று தெரிந்துவிட்டது. பல் டாக்டர்கள் அனுப்புகிற பதிவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அதற்கு அளவாகப் பல் செட்டோ தொப்பியோ செய்து கொடுக்கிற லேப் எங்களுடையது. இங்கே ஆட்கள் வரமாட்டார்கள், வாய்கள் மட்டும்தான் வரும். பெயர் இருக்காது, எண் ஒட்டியிருக்கும். ஆனால் கீழ்வரிசையில் பக்கத்துப் பல்மேல் சாய்ந்து நிற்கிற அந்தச் சோம்பேறிப் பல்லும், பாட்டில் மூடியைக் கடித்துத் திறந்து வீரம் காட்டியதில் மூளியான மேல் முன்பல்லும் ஊரில் வேறு யாருக்கு இருக்கும்? கல்யாணமான புதிதில் அச்சு எடுக்க நான் கை பழகியதே அந்த வாயில்தான். என் வீட்டுக்காரருடையது. வக்கீல் பாஷையில் இரண்டாம் மனுதாரர். முதல் மனுதாரர் நான். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக ஒத்துப்போய்ச் செய்த ஒரே காரியம் அந்த விவாகரத்து மனுதான். அடுத்த வாரம் கோர்ட்டில் சம்மதமா என்று கடைசித் தடவையாகக் கேட்பார்கள்.

வந்திருந்த வேலை நைட் கார்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மாட்டிக்கொண்டு படுக்கிற பிளாஸ்டிக் உறை.

பிரிந்து வந்ததிலிருந்து காலையில் எழுந்தால் எனக்குத் தாடை கழன்று விழுவதுபோல் வலிக்கும். மனசு சரியில்லாதவளைக் கண்டால் ஊரே வைத்தியர் ஆகிவிடுகிறது. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். செடி வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தேன், செத்தது. மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார்கள். விடும்போதெல்லாம் அவர் முகம்தான் வந்தது. என்னை நிமிர்த்தி வைத்திருந்தது கோபம் ஒன்றுதான். அவரைக் கடைவாசலில் பார்த்ததாக அண்ணன் ஒருமுறை சொன்னார். "ஜம்முனு இருக்கான். நாலு பேரோட நின்னு சிரிச்சுப் பேசிட்டிருந்தான்." அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டினேன். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க, அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று நினைத்தாலே முதுகெலும்பு நேராகிவிடும்.

அந்தச் சிரிப்பில் முதலில் தெரிகிற கோரைப்பல், கையிலிருந்த அச்சில் முனை மழுங்கித் தட்டையாகிக் கிடந்தது. கடைவாய்ப் பற்களில் மேடு பள்ளமே இல்லை. ஒரு ராத்திரியில் இரண்டு ராத்திரியில் ஆகிற தேய்மானம் அல்ல அது. முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். எல்லாவற்றிலும் பங்கு கேட்டவர், நிம்மதியில்லாத ராத்திரியையாவது எனக்கென்று விட்டிருக்கலாம்.

"என்னடி, வெச்ச கண்ணு வாங்காம பாத்துட்டிருக்க?" என்றாள் மெழுகு அக்கா. பக்கத்து மேஜையில் மெழுகில் பல் செதுக்குகிறவள். அவளுடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரோடதுக்கா."

வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மனுஷன் இந்த அரை அரைச்சிருக்காரே. நான் பண்ணிடவா?"

"வேணாம். நானே பண்றேன்."

தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் அழுத்தி, ஓரம் வெட்டி, ராவினேன். வலது பக்கம் மட்டும் ஒரு மயிரிழை உயரம் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன். மாட்டிக்கொண்டு படுத்தால் காலையில் மண்டை விண்விண்ணென்று தெறிக்கும், டாக்டராலும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் போய் டீ குடித்தேன். பாதி டம்ளரை அப்படியே வைத்தேன். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தேன். உறையை அச்சில் மாட்டி, நீலத்தாளை நடுவே வைத்து மேல் அச்சையும் கீழ் அச்சையும் தட்டினால், இடிக்கிற இடத்தில் நீலம் ஒட்டும். வலதில் மட்டும் ஒரு பெரிய பொட்டு. இரண்டு பக்கமும் ஒரேபோலப் புள்ளி விழும்வரை ராவிக்கொண்டிருந்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

"அவரும் நிம்மதியா தூங்கலக்கா," என்றேன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "அதுக்காகத் திரும்பிப் போகப்போறியா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவர் வாயைத் திறந்தால் இன்னொருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோகிற அந்த வீடு. "இல்ல."

"அப்பறம் என்ன?"

"அவர் நல்லா இருக்கார்னு நெனச்சுட்டிருந்தேன். திட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவர் பக்கத்துல போய் நிக்கறது?"

அக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "வந்து இப்படி உக்காரு. எத்தனை தடவ சொல்லிட்டேன், உனக்கும் ஒண்ணு பண்ணிக்கோன்னு. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பண்ற."

அச்சு எடுக்கிற இளஞ்சிவப்புப் பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். பசையைத் தட்டில் வழித்து என் மேல்வரிசையில் வைத்து அழுத்தினாள். ஜில்லென்று அண்ணம் முழுக்க நிறைந்தது. "மூக்கால மூச்சு விடு. அசையாத. இறுகற வரைக்கும் ஒண்ணும் பேசக்கூடாது."

மூக்கால் இழுத்தேன், விட்டேன். முதலில் மூக்குதான் அடைத்தது. பிறகு கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்து கன்னத்தில் இறங்கியது.

"கொமட்டுதா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வழியில்லை. அக்கா ஒரு விரலால் தட்டைப் பிடித்தபடியே இன்னொரு கையால் என் தாடையைத் தாங்கிக்கொண்டாள். வாய்க்குள் பசை மெதுவாக இறுகிக்கொண்டிருந்தது.